ஐஓஎஸ் 26 போடலாமா? முதலில் பேட்டரியைப் பாருங்கள்

பர்மாவின் பெகு நகரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அண்ணா, என்னிடம் இருப்பது ஐபோன் 12, 64 ஜிபி. ஐஓஎஸ் 26 வந்திருக்கிறது என்று போன் மாதக்கணக்கில் நச்சரித்துக்கொண்டே இருக்கிறது. அது வருவதற்கு முன்னால் எவ்வளவு பேசினார்கள்! அந்தப் பேச்சுக்கு ஏற்ற மாதிரி இருக்கிறதா? போட்டால் போன் மெதுவாகிவிடும், சார்ஜ் நிற்காது என்று தோழிகள் பயமுறுத்துகிறார்கள். அப்பாவின் சாம்சங் ஏ16-க்கும் ஏதோ பெரிய அப்டேட் வந்து நிற்கிறது. அதை என்ன செய்வது?"

தங்கச்சி, ரங்கூனில் பதினெட்டு வருடமாகப் போன் பழுது பார்க்கிறேன். கடை அனோரதா சாலைக்குப் பக்கத்துச் சந்தில். பெரியவர்கள் இன்னும் பிரேசர் தெரு என்றுதான் சொல்வார்கள். இதே கேள்வியோடு வாரத்துக்குப் பத்துப் பேராவது வருகிறார்கள். அவர்களுக்கு அவசரத்தில் நாலு வார்த்தையில் சொல்வதை உங்களுக்கு நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் நேரான பதில். ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ் 26, பேசிய பேச்சுக்கு ஈடாகவில்லை. ஆனால் யாரும் பெரிதாகப் பேசாத சில சின்ன விஷயங்களில் அது நம்மைப் போன்றவர்களுக்கு நல்லது செய்திருக்கிறது. உங்கள் ஐபோன் 12-இல் போடலாம். பேட்டரி ஹெல்த், அதாவது புதிதில் தாங்கியதில் இப்போது எவ்வளவு தாங்குகிறது என்ற கணக்கு, 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் மட்டும் முதலில் பேட்டரியை மாற்றுங்கள், அப்புறம் போடுங்கள். அப்பாவின் ஏ16-க்கு யோசிக்கவே வேண்டாம், போட்டுவிடுங்கள். இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

இப்போது அந்தப் பேச்சுக்கு வருவோம். 2025 ஜூன் 9 அன்று ஆப்பிள் இதை அறிவித்தது. 18-க்கு அடுத்து 19 வந்திருக்க வேண்டும். பெயரை வருடக் கணக்குக்கு மாற்றி நேரே 26 என்றார்கள். எண் தாவியதாலேயே பலருக்கு எட்டு வருட முன்னேற்றம் ஒரே நாளில் வருவது போல ஒரு நினைப்பு. கூடவே 'லிக்விட் கிளாஸ்' என்ற புதிய தோற்றம்: பட்டன், மெனு, அறிவிப்பு எல்லாம் கண்ணாடித் துண்டு மாதிரி, பின்னால் இருப்பது வளைந்து நெளிந்து தெரியும். 2013-இல் ஐஓஎஸ் 7 வந்தபோது எல்லாவற்றையும் தட்டையாக்கினார்களே, அதற்குப் பிறகு தோற்றத்தில் இவ்வளவு பெரிய மாற்றம் இதுதான். செப்டம்பர் 15-இல் எல்லாருக்கும் வெளியிட்டார்கள்.

பார்க்க அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அழகு எங்கே இடிக்கிறது என்று தெரிய வேண்டுமானால் இதைச் செய்து பாருங்கள். ஷ்வேடகோன் பகோடாவைப் பகல் வெயிலில் எடுத்த படம் ஒன்றை லாக் ஸ்கிரீனில் வையுங்கள். நம் ஊரில் பாதிப் பேர் போனில் அந்தப் படம்தானே இருக்கிறது. இப்போது ஒரு மெசேஜ் வரட்டும். தங்க நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து. எழுத்து எங்கே முடிகிறது, கோபுரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணைச் சுருக்கித் தேட வேண்டும். இந்தக் குறையை உலகம் முழுக்கச் சொன்னார்கள். அதனால்தான் நவம்பரில் வந்த 26.1-இல் ஆப்பிளே ஒரு வழி வைத்தது: செட்டிங்ஸ், டிஸ்ப்ளே அண்ட் பிரைட்னஸ், அதற்குள் லிக்விட் கிளாஸ், அங்கே 'டின்டட்' என்று போட்டால் கண்ணாடி கொஞ்சம் மங்கி எழுத்து எழுந்து நிற்கும். அதுவும் போதவில்லை என்றால் ஆக்சசிபிலிட்டியில் 'ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சி' இருக்கிறது. வயதானவர்கள் போன் என்றால் அதையே போடுங்கள். 2013-இலும் இதே கதைதான். ஐஓஎஸ் 7-இன் அசைவு தலைசுற்ற வைக்கிறது என்று நிறையப் பேர் சொன்னார்கள், சில வாரத்தில் அதைக் குறைக்கும் வசதி வந்தது. முதல் பதிப்பை முதல் நாளே போடாமல் நீங்கள் காத்திருந்தது நல்லதற்குத்தான் என்று இதனால்தான் சொல்கிறேன்.

அடுத்தது, விளம்பரத்தில் காட்டியதில் எவ்வளவு பெகு வரைக்கும் வருகிறது என்பது. ஏமாற்றம் முக்கியமாக இங்கேதான். ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்று செயற்கை நுண்ணறிவு வசதிகளைக் காட்டினார்களே, அதற்கு ஐபோன் 15 புரோவாவது வேண்டும். உங்கள் 12-இல் அது வராது. வந்தாலும் அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இல்லை, பர்மிய மொழியும் இல்லை. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் போனே பேசி யார் என்று கேட்டுச் சொல்லும் வசதி, கஸ்டமர் கேரில் நாம் காத்திருப்பதற்குப் பதிலாகப் போனே காத்திருக்கும் வசதி, இவையெல்லாம் குறிப்பிட்ட நாடுகளுக்கும் மொழிகளுக்கும் மட்டும். ஆப்பிள் பே நம் நாட்டில் கிடையாது. 2024 ஜூனிலேயே காட்டிய புத்திசாலி சிரியை (பேசினால் பதில் சொல்லும் உதவியாளர்) தள்ளிப்போடுகிறோம் என்று 2025 மார்ச்சில் அவர்களே சொல்லிவிட்டார்கள். ஆக, யூடியூபில் அமெரிக்காவிலிருந்து ஒருவர் இருபது நிமிடம் புகழ்ந்து பேசினால், அதில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நமக்குச் சம்பந்தமே இல்லாதது. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அப்டேட் போட்டால் ஏமாற்றம் வராமல் எப்படி இருக்கும்?

சரி, நல்லது என்ன?

எனக்குப் பிடித்தது ஒரே ஒரு வரி. சார்ஜில் போட்டால் இன்னும் எத்தனை நிமிடத்தில் 80 சதவீதம் ஏறும் என்று லாக் ஸ்கிரீனிலேயே காட்டுகிறது. கலிபோர்னியாவில் இதை ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். நாலு மணி நேரம் கரண்டு வந்தால் அடுத்து எப்போது வரும் என்று அட்டவணை பார்த்து வாழ்கிற நமக்கு அது பெரிய விஷயம். போன வாரம் ஒரு அக்கா கடையில் உட்கார்ந்திருந்தார். கரண்டு போக முக்கால் மணி நேரம் இருந்தது. அவர் போனில் 38 நிமிடம் என்று காட்டியது, மகனுடைய போனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காட்டியது. மகனுடையதைப் பவர் பேங்கில் போட்டுவிட்டுத் தன்னுடையதைச் சுவரில் செருகினார். யாரும் சொல்லித்தரவில்லை, எண்ணைப் பார்த்து அவரே முடிவு செய்தார்.

போட்டோஸ் ஆப்பை ஐஓஎஸ் 18-இல் ஒரே நீளப் பக்கமாக்கிக் குழப்பியிருந்தார்கள். அது மறுபடி இரண்டு தனித்தனிப் பகுதியாகிவிட்டது, படத்தைத் தேட எளிது. போன் ஆப்பின் புதிய அமைப்பு பிடிக்கவில்லை என்றால் பழைய அமைப்புக்கே திரும்பலாம், அதற்குள்ளேயே 'கிளாசிக்' என்று இருக்கிறது. அலாரத்தைத் தூக்கக் கலக்கத்தில் அணைத்துவிடாமல் இருக்க 26.1-இலிருந்து விரலால் இழுத்து நிறுத்த வேண்டும். சின்னச் சின்ன விஷயங்கள்தான்.

தமிழர்களாகிய நமக்கு இன்னொன்று இருக்கிறது. 2025-இல் வந்த 18.4 அப்டேட்டிலேயே ஐபோனின் மெனு முழுவதையும் தமிழில் வைத்துக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. தமிழ் விசைப்பலகை 2013-லிருந்தே இருக்கிறது. ஆனால் மெனு தமிழில் இல்லை. ஆண்ட்ராய்டில் அது எத்தனையோ வருடமாக இருந்தும் ஐபோனில் இல்லாதது எனக்கு நீண்ட நாள் வருத்தம். நம் வீடுகளில் நிலைமை உங்களுக்கே தெரியும். 1960-களில் தமிழ்ப் பள்ளிகள் போனபின், கோயிலில் நடந்த வகுப்பில்தான் பலரும் எழுத்துப் படித்தார்கள். ஆங்கிலம் தெரியாமல், பர்மிய எழுத்தும் தட்டுத்தடுமாறி, தமிழ் மட்டும் சரளமாக வாசிக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் அம்மா அப்படித்தான். அவர் போனைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்த அன்று, 'அமைப்புகள்' என்ற சொல்லை விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். அதற்குப் பிறகு எழுத்தைப் பெரிதாக்க என்னைக் கூப்பிடவே இல்லை, தானே உள்ளே போய் மாற்றிக்கொண்டார். நீங்கள் இன்னும் 18.4-க்கு முந்தைய பதிப்பிலேயே நிற்கிறீர்கள் என்றால், இதற்காகவே அப்டேட் போடலாம் என்பேன்.

இப்போது உங்கள் தோழிகளின் பயத்தைப் பற்றிப் பேச வேண்டும். அந்தப் பயத்தை இந்த ஊரில் விதைத்ததே எங்களைப் போன்ற கடைக்காரர்கள்தான். அது எப்படி வந்தது என்று தெரிந்தால் இன்றைக்கு அது எவ்வளவு தேவை என்று நீங்களே தீர்மானிக்கலாம்.

ஒரு காலத்தில் இங்கே சிம் கார்டே லட்சக்கணக்கான கியாட் விற்றது. 2014-இல் ஊரிடூ, டெலினார் என்ற இரண்டு போன் கம்பெனிகள் வந்து 1,500 கியாட்டுக்குச் சிம் கொடுத்தபோது ஊரே ஒரே நேரத்தில் ஸ்மார்ட்போனுக்கு வந்தது. அந்தப் போன்களில் பர்மிய எழுத்து 'சோஜி' என்ற எழுத்துருவில் ஓடியது. ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண் கொடுப்பதுதான் யூனிகோட். பர்மிய எழுத்துக்கான அந்த முறை 2008-இலேயே அதன் 5.1 பதிப்பில் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் சோஜி எல்லாக் கம்ப்யூட்டரிலும் உட்கார்ந்துவிட்டது. இரண்டும் ஒரே எண் இடங்களை வேறு வேறு விதமாகப் பயன்படுத்தின. தமிழ் வழியாகச் சொன்னால் சட்டென்று புரியும். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. யூனிகோடில் முதலில் க, அப்புறம் எகரக் குறி என்றுதான் சேமிப்பார்கள், திரையில் இடம் மாற்றிக் காட்டுவது போனின் வேலை. கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே கொம்பை முதலில் சேமித்தால் என்ன ஆகும்? அதைத்தான் சோஜி செய்தது. நம் தமிழிலும் யூனிகோடுக்கு முன்னால் டிஸ்கி, பாமினி என்று ஆளுக்கொரு முறை ஓடி, ஒருவர் அனுப்பியது இன்னொருவருக்குக் கிறுக்கலாகத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. பர்மிய மொழியில் அந்தக் காலம் இன்னும் நீண்டுகொண்டே போனது, அவ்வளவுதான். அதுமட்டுமில்லை, ஷான், மோன், கரேன் மொழி எழுத்துகளுக்காக யூனிகோட் ஒதுக்கிய இடங்களையும் சோஜி பர்மிய எழுத்தின் வேறு வடிவங்களுக்கு எடுத்துக்கொண்டது. அந்த மக்கள் தங்கள் மொழியையும் பர்மிய மொழியையும் ஒரே போனில் சரியாக எழுத முடியாமல் தவித்தார்கள்.

சில போன்கள் கடைக்கு வரும்போதே சோஜியோடு வரும். வராத போன்களை நாங்கள் ரூட் செய்து, அதாவது சிஸ்டத்துக்குக் கம்பெனி போட்ட பூட்டைத் திறந்து, சிஸ்டத்துக்குள் இருக்கும் எழுத்துருக் கோப்பைத் தூக்கிவிட்டுச் சோஜியை வைப்போம். ஒரு போனுக்கு இருபது நிமிடம். அந்த நாட்களில் அதுதான் எங்கள் பிழைப்பு. வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் அப்டேட் போட்டால் சிஸ்டம் புதிதாக எழுதப்படும், நாங்கள் வைத்த எழுத்துரு போய்விடும், எல்லா மெசேஜும் கலைந்த எழுத்தாகத் தெரியும். சில போன் ரூட் செய்த காரணத்தாலேயே அப்டேட் பாதியில் நின்று எழுந்திருக்காமல் போகும். அவர்கள் கோபத்தோடு திரும்பி வருவார்கள். அதனால் போனைக் கையில் கொடுக்கும்போதே நாங்கள் ஒரு வாக்கியம் சொல்வோம்: "அப்டேட் என்று ஏதாவது கேட்டால் போட்டுவிடாதீர்கள்." நானும் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அப்போது அது சரியான அறிவுரை. 2019 அக்டோபர் 1 அன்று நாடு யூனிகோடுக்கு மாறியது. இப்போது வரும் போன்களில் பர்மிய எழுத்து ரூட் இல்லாமலே ஓடுகிறது, அப்டேட்டால் எழுத்துப் போகாது. காரணம் போய்விட்டது, வாக்கியம் மட்டும் வாய் வழியாக நடந்து பெகு வரைக்கும் வந்து உங்கள் தோழிகளிடம் நிற்கிறது. நாங்கள் சொன்னதை நாங்களே திரும்பப் பெற வேண்டும் என்பதால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

"போன் மெதுவாகிவிடும்" என்ற பயத்தில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது: பேட்டரி பலவீனமான ஐபோன் 6, 6எஸ் போன்ற மாடல்களில், போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க அப்டேட் வழியாக வேகத்தைக் குறைத்திருந்தார்கள். சொல்லாமல் செய்ததுதான் தவறு. வழக்குகள் வந்தன, மறு வருடம் முழுக்க அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் விலையை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தார்கள். 2018 மார்ச்சில் 11.3 அப்டேட்டில் பேட்டரி ஹெல்த் காட்டும் பக்கம் வந்தது. அந்தப் பக்கம்தான் இன்று உங்கள் கேள்விக்கான பதிலை வைத்திருக்கிறது.

செட்டிங்ஸ், பேட்டரி, அதற்குள் பேட்டரி ஹெல்த். மேக்சிமம் கெபாசிட்டி எத்தனை என்று பாருங்கள். ஐபோன் 12-இன் பேட்டரி 500 முறை முழுதாக ஏறி இறங்கும்வரை 80 சதவீதத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டது. உங்கள் போன் 2020 மாடல். கரண்டு வரும்போதெல்லாம் செருகுவது, ஜெனரேட்டரில், இன்வெர்ட்டரில் ஏற்றுவது, வெயிலில் சூடாவது என்று நம் ஊரில் பேட்டரி படும் பாடு வேறு. பழைய பேட்டரியோடு புதிய சிஸ்டத்தைப் போட்டால் இரண்டு சுமை ஒன்றாக விழும். லிக்விட் கிளாஸ் ஒவ்வொரு அசைவிலும் வெளிச்சம் வளைவதைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது, அதற்குக் கிராபிக்ஸ் வேலை அதிகம். பேட்டரி அந்த வேகத்துக்கு மின்சாரம் தர முடியாமல் திணறினால் போன் வேகத்தைக் கட்டுப்படுத்தும். ஜனங்கள் அதை அப்டேட்டின் குற்றம் என்பார்கள். பேட்டரி 85-க்கு மேல் உள்ள 12-இல் 26 நன்றாகவே ஓடுகிறது, கடையில் பார்க்கிறேன்.

இன்னொன்று, இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். பெரிய அப்டேட் போட்ட முதல் சில நாள் எந்தப் போனும் சூடாகும், சார்ஜ் வேகமாக இறங்கும். உள்ளே படங்களை எல்லாம் மறுபடி அடுக்குகிறது, தேடல் பட்டியலைப் புதிதாக எழுதுகிறது, ஆப்களைப் புதிய சிஸ்டத்துக்குத் தகுந்தபடி தயார் செய்கிறது. இது கொஞ்ச நாள்தான் என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. முதல் நாள் இரவே "ஐயோ, போன் போச்சு" என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். ஒரு வாரம் விட்டுப் பாருங்கள், இரவில் சார்ஜில் இருக்க முடிந்தால் சீக்கிரம் முடியும்.

ஏன் போடத்தான் வேண்டும், இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். தோற்றத்துக்காக என்றால் தேவையே இல்லை. பாதுகாப்புக்காகப் போட வேண்டும். 2025 ஆகஸ்டில் ஒரு ஓட்டையை ஆப்பிள் அடைத்தது. படக் கோப்பு ஒன்றைத் தந்திரமாகச் செய்து அனுப்பினால் அது வழியாகப் போனுக்குள் நுழைய முடிந்தது, சிலர் மீது அதை உண்மையாகவே பயன்படுத்தியிருக்கலாம் என்றும் சொன்னது. அடுத்த மாதம் பத்து வருடப் பழைய ஐபோன் 6எஸ்-க்குக் கூட அந்தத் திருத்தத்தைக் கொடுத்தார்கள். அவ்வளவு முக்கியமான ஓட்டை. இப்போது நம் சம்பளம், கடை வசூல், கோயில் நன்கொடை எல்லாம் கேபிஇசட் பே, வேவ் பே என்று போனுக்குள்தான் இருக்கிறது. கதவு பழையதாக இருந்தாலும் பூட்டு புதிதாக இருக்க வேண்டும்.

இனி எப்படிப் போடுவது. முதலில் செய்ய வேண்டிய வேலை என்று மேலே சொன்னேனே, அது பேக்கப், அதாவது போனில் இருப்பதை வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைப்பது. இதை நான் சும்மா சொல்லவில்லை. சில வருடம் முன்னால் ஒரு அம்மா ஆண்ட்ராய்டு போன் ஒன்றைக் கொண்டுவந்து அப்டேட் போட்டுத் தரச் சொன்னார். பேட்டரி முப்பது சதவீதம்தான் இருந்தது, சுவரில் செருகியிருக்கிறதே என்று ஆரம்பித்துவிட்டேன். நடுவில் கரண்டு போனது. ஜெனரேட்டர் போடுவதற்குள், பழைய பேட்டரி என்பதால், போன் அணைந்துவிட்டது. மறுபடி எழுப்பினால் கம்பெனிச் சின்னம் வருகிறது, அணைகிறது, மறுபடி சின்னம் வருகிறது. இரண்டு நாள் போராடினேன். கடைசியில் எல்லாவற்றையும் அழித்துத்தான் எழுப்ப முடிந்தது. அதில் அவருடைய அம்மா இறப்பதற்கு முன்பு எடுத்த மூன்று வருடப் படங்கள் இருந்தன, வேறெங்கும் பிரதி இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை. "ஒரு படமாவது கிடைக்குமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு பேக்கப் எடுக்காமல் எந்தப் போனிலும் நான் கை வைப்பதில்லை. வாடிக்கையாளர் அவசரம் என்றாலும் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

இப்போதைய ஆண்ட்ராய்டு போன் பலவற்றில் அந்த ஆபத்து குறைவு. 2016-இல் ஆண்ட்ராய்டு 7-இலிருந்து ஒரு ஏற்பாடு வந்தது: சிஸ்டத்துக்கு இரண்டு அறை. நீங்கள் ஒரு அறையில் இருக்கும்போதே அடுத்த அறையில் புதியதை எழுதும், கடைசியில் ஒரு தடவை அணைத்துப் போட்டால் அங்கே குடிபோகும். புதிய அறை சரியில்லை என்றால் பழைய அறைக்கே திரும்பிவிடும். சாம்சங் மட்டும் இதை ரொம்பத் தாமதமாக, 2024-இல் ஏ55 போனில்தான் ஆரம்பித்தது. எந்தப் போனில் இருக்கிறது, எதில் இல்லை என்று ஆராய வேண்டாம். எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் வைத்துக்கொண்டு, கரண்டு வந்த முதல் மணி நேரத்தில் ஆரம்பியுங்கள்.

உங்கள் ஐபோனில் இன்னொரு சிக்கல், இடம். 64 ஜிபியில் சிஸ்டமே பெரும் பங்கை எடுத்துக்கொள்கிறது. அப்டேட்டை இறக்கவும் விரிக்கவும் பல ஜிபி காலியாக வேண்டும். வீடியோவை எல்லாம் அழித்துவிட்டு அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அழிக்க வேண்டாம். கேபிள் போட்டுக் கம்ப்யூட்டர் வழியாக அப்டேட் செய்தால் கோப்பு கம்ப்யூட்டரில் இறங்கும், போனில் அவ்வளவு இடம் தேவைப்படாது. டேட்டா செலவும் குறையும். ஒரே மாடலுக்கு ஒரே கோப்புதான், கடையில் ஒரு தடவை இறக்கி வைத்ததை அடுத்தடுத்து வரும் 12-களுக்கும் போடலாம். ஒவ்வொரு தடவையும் ஆப்பிள் சர்வரிடம் அனுமதி வாங்கக் கொஞ்சம் இணைப்பு மட்டும் வேண்டும். நடுவில் ஏதாவது ஆகி, கேபிள் படம் திரையில் வந்து நின்றால் பயப்படாதீர்கள். கம்ப்யூட்டர் இரண்டு வழி கேட்கும்: 'அப்டேட்', 'ரீஸ்டோர்'. முதலில் 'அப்டேட்' அழுத்துங்கள். அது தரவை விட்டுவைத்துச் சிஸ்டத்தை மட்டும் மறுபடி எழுதும். 'ரீஸ்டோர்' அழுத்தினால் எல்லாம் போய்விடும். இந்த இரண்டு சொல்லின் வித்தியாசம் தெரியாமல் படங்களை இழந்தவர்கள் பலர்.

ஒரு தடவை 26-க்குப் போய்விட்டால் பிடிக்கவில்லை என்று 18-க்குத் திரும்ப முடியாது. புதியது வந்த சில காலத்தில் பழையதற்கு ஆப்பிள் அனுமதி கொடுப்பதை நிறுத்திவிடும். "நான் பழையதாக்கித் தருகிறேன்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்பாவின் ஏ16-க்கு வருகிறேன். அந்த மாடலுக்கு ஆறு தலைமுறை ஆண்ட்ராய்டும் ஆறு வருடப் பாதுகாப்பு அப்டேட்டும் தருவதாகச் சாம்சங் சொல்லியிருக்கிறது. அந்த விலைப் போனில் இதற்கு முன் கேள்விப்படாத ஒன்று. அதை வாங்கிவிட்டு அப்டேட் போடாமல் வைத்திருப்பது காசு கொடுத்து வாங்கியதைப் பயன்படுத்தாமல் விடுவதுதான். இப்போது வந்திருப்பது ஒன் யூஐ 8 (ஆண்ட்ராய்டின் மேல் சாம்சங் போடும் தன் அமைப்பு) ஆக இருக்கும், உள்ளே ஆண்ட்ராய்டு 16. ஆண்ட்ராய்டு 16-ஐக் கூகுள் 2025 ஜூன் 10-இல் வெளியிட்டது. அதில் பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லை, ஒரே ஆப்பிலிருந்து வரும் அறிவிப்புகளை ஒன்றாகக் கட்டி வைப்பது போன்ற ஒழுங்கு வேலைகள்தான். பெரிய எதிர்பார்ப்பும் இல்லாததால் ஏமாற்றமும் இல்லை.

அப்பா திண்டாடப் போவது இரண்டு இடத்தில். அவர் ஒன் யூஐ 6-இலிருந்து வருகிறார் என்றால், திரையின் மேலிருந்து இழுக்கும்போது அறிவிப்பு தனியாகவும் வைஃபை, டார்ச் பட்டன்கள் தனியாகவும் வரும். வலது ஓரத்திலிருந்து இழுத்தால்தான் பட்டன்கள். "டார்ச்சைக் காணோம்" என்று கரண்டு போன இருட்டில் உங்களைக் கூப்பிடுவார். அந்தப் பலகையிலேயே பென்சில் குறியைத் தொட்டு, அமைப்பில் 'டுகெதர்' என்று மாற்றிவிடுங்கள், பழையபடி ஆகிவிடும். இரண்டாவது, ஆட்டோ பிளாக்கர். அது இயக்கத்தில் இருந்தால் பிளே ஸ்டோர், சாம்சங்கின் கேலக்ஸி ஸ்டோர் இரண்டுக்கும் வெளியிலிருந்து ஆப் ஏற்ற விடாது. நம் ஊரில் சாப்யா என்ற கோப்பு பகிரும் ஆப் வழியாகவோ கடையிலோ ஏபிகே (ஆப்பை நிறுவும் கோப்பு) வாங்கி ஏற்றுவது பழக்கம், போன் கெட்டுவிட்டது என்று அப்பா நினைக்கக் கூடும். கெடவில்லை, காவல் இருக்கிறது. பணம் போகும் ஆப் வைத்திருக்கும் பெரியவர் போனில் அதை அணைக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

தோழிகள் யாராவது சீனாவுக்கென்று செய்த போனில் கடைக்காரர் உலகப் பதிப்பை ஏற்றி விற்றதை வைத்திருந்தால், அவர்களுக்கு மட்டும் அந்தப் பழைய வாக்கியம் இன்னும் பொருந்தும். அந்தப் போனில் அப்டேட் வந்தால் முதலில் தெரிந்த கடையில் காட்டட்டும். அப்டேட் போட்டபின் "இந்தச் சிஸ்டம் இந்தப் போனுக்கு உரியதல்ல" என்று நின்றுவிடும் போன்கள் உண்டு.

பேட்டரி மாற்ற ரங்கூன் வருவதாக இருந்தால், எந்தக் கடையானாலும், போடப் போகும் பேட்டரியை முன்னாலேயே காட்டச் சொல்லுங்கள். அசல் இல்லாததைப் போட்டால் உங்கள் 12-இல் 'தெரியாத பாகம்' என்று செய்தி வரும். போன் ஓடும், ஆனால் அதைச் சொல்லிவிட்டுப் போடுவதுதான் நேர்மை. வேலை ஒரு மணி நேரம். பேக்கப்பை வீட்டிலேயே முதல் நாள் இரவு எடுத்துவிட்டு, கரண்டு அட்டவணையைப் பார்த்துக் காலையில் கிளம்பினால் பேட்டரி, அப்டேட் இரண்டையும் முடித்துக்கொண்டு சாயங்கால வண்டியில் பெகு போய்ச் சேர்ந்துவிடலாம்.